மூழ்கியது என்று எழுதினால் போதாது

மழை விட்டு நாலைந்து நாள் ஆனதும் மரக்காணம் கடைவீதியில் கணினி வைத்திருக்கும் கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். உப்பளம் வைத்திருப்பவர், ஃபைபர் படகுக்காரர், கழுவெளி ஏரி ஓரத்தில் நெல் போட்டவர், மாட்டைப் பறிகொடுத்தவர் எல்லோரும் வருவார்கள். காப்பீட்டுக் கம்பெனிக்கோ வங்கிக்கோ ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வேண்டும். வந்தவர் 'மூழ்கிப்போச்சு' என்பார். தட்டச்சு செய்யும் பிள்ளை 'சப்மெர்ஜ்ட்' என்று போடும். அளமும் சப்மெர்ஜ்ட், படகும் சப்மெர்ஜ்ட், நெல்லும் மாடும்கூட சப்மெர்ஜ்ட்.

தமிழில் 'மூழ்கியது' என்ற ஒரே சொல் இத்தனையையும் தாங்கும். எதிரில் இருப்பவருக்கு ஊர் தெரியும், பொருள் தெரியும், மீதியை அவரே புரிந்துகொள்வார். கோப்பைப் பார்ப்பவர் சென்னையிலோ மும்பையிலோ உட்கார்ந்திருக்கிறார். மரக்காணத்து அளத்தை அவர் பார்த்திருக்க வேண்டியதில்லை. தாளில் இருக்கும் சொல்லைப் பாலிசியில் இருக்கும் சொல்லோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவர் வேலை. ஆகவே எந்த நிலைமைக்கு எந்த ஆங்கிலச் சொல் என்பதை இந்த வாரம் பார்த்துவிடலாம். இலக்கண வகுப்பு இல்லை. பணம் வரும் வழியில் சொல் எங்கே இடறுகிறது என்பது மட்டும்தான்.

ஆங்கிலத்தில் தண்ணீர் சம்பந்தமான வினைச்சொற்கள் ஒவ்வொன்றும் சில தகவல்களைத் தன்னோடு சுமந்து வரும். தண்ணீர் பொருளைத் தேடி வந்ததா, பொருள் தண்ணீருக்குள் போனதா? தானாக நடந்ததா, யாராவது செய்ததா? முழுக்கவா, பாதியா? மேலிருந்து கொட்டியதா, பக்கத்திலிருந்து ஏறியதா? தப்பான சொல்லைப் போட்டால் தப்பான தகவலும் சேர்ந்து போய்விடும். எந்தச் சொல் என்று குழப்பம் வந்தால் நான்கு விஷயத்தை முதலில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்: தண்ணீர் எங்கிருந்து வந்தது, எவ்வளவு உயரம் நின்றது, எத்தனை நாள் நின்றது, பொருளை என்ன செய்தது. சொல் அதிலிருந்து தானாக வந்து விழும்.

உப்பளத்திலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் இந்தச் சொல் அதிகம் கெட்டுப்போவது அங்கேதான். உப்பளம் என்பதே தண்ணீர் நிறுத்தி வைக்கும் நிலம். தண்ணீர் நிற்காவிட்டால்தான் அது பாழ். 'சால்ட் பேன் சப்மெர்ஜ்ட்' என்று படிக்கிற வெளியூர் அதிகாரிக்கு அதில் நட்டம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. பக்கிங்ஹாம் கால்வாய் முடிகிற இந்தக் கரையில் 3,000 ஏக்கருக்கு மேல் அளம் இருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி, நகராமல் அங்கேயே கிடந்து கொட்டியது. மரக்காணத்துக்கு மேற்கே மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை. அப்படிப்பட்ட மழைக்குப் பிறகு காப்பீட்டு சர்வேயர் அளத்துக்கு வந்து நின்றால் பேச்சு இப்படித்தான் போகும்:

"பெரியவரே, பாத்தியில எவ்ளோ தண்ணி நின்னுது?"

"முட்டிக்கு மேல சார்."

"உப்பளம்னா தண்ணி நிக்கத்தானே செய்யும்? அதுவும் கார்த்திகை மாசத்துல?"

"வரப்பே தெரியல சார். மூணு நாளு எது பாத்தி, எது கால்வான்னு தெரியாம கெடந்துச்சி. தண்ணி வடிஞ்சப்புறம் பாத்தா கெழக்கால வரப்பு ஒடைஞ்சி, பாத்தி பூரா சேறு."

"இதல்லாம் லெட்டர்ல இல்லியே."

பெரியவர் கடைசியாகச் சொன்னதில்தான் வழக்கே இருக்கிறது. அதை ஆங்கிலத்தில் மூன்று சொல்லாகப் பிரிக்கலாம். தண்ணீர் வரப்புக்கு மேல் ஏறி வழிந்தது 'ஓவர்டாப்டு'. வரப்பு உடைந்து வாய் விட்டது 'ப்ரீச்டு'. பாத்தியில் சேறும் வண்டலும் படிந்தது 'சில்ட்டெட்'. மூன்றும் மூன்று விதமான செலவு. முதலாவதில் கரைசல் போகும். இரண்டாவதில் மண் வேலை, கூலி. மூன்றாவதில் தரையைச் சுரண்டி, மிதித்துக் கெட்டிப்படுத்தித் திரும்பச் செய்ய வேண்டும். 'சப்மெர்ஜ்ட்' என்ற ஒற்றைச் சொல் இந்த மூன்று செலவையும் மறைத்துவிடுகிறது.

நாலாவதாக ஒரு சொல் உண்டு, உப்பளக்காரருக்கு அதுதான் உயிர்: 'டைல்யூட்டெட்', அதாவது நீர்த்துப்போனது. கரைசலின் அடர்த்தியை அளக்கும் பாமே மீட்டரில் கடல்நீர் மூன்று, மூன்றரை டிகிரி காட்டும். வெயிலில் வற்றி வற்றி ஏறக்குறைய 25 டிகிரியை எட்டினால்தான் உப்பு பூக்கத் தொடங்கும். அந்த ஏற்றத்துக்குப் பல நாள் வெயிலும் வேலையும் போயிருக்கும். சித்திரை, வைகாசியில் எதிர்பாராத மழை ஒன்று அடித்தால் பாத்தியில் தண்ணீர் மட்டம் நாலு விரல்தான் உயர்ந்திருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே ஆகவில்லை என்று தோன்றும். டிகிரி இறங்கியிருக்கும், அத்தனை நாள் உழைப்பும் போயிருக்கும். அந்த நட்டத்துக்கு 'ஃப்ளட்' என்று எழுதுவதும் பொய், 'சப்மெர்ஜ்ட்' என்று எழுதுவதும் பொய். மழைக்கு முந்தின நாள் மீட்டர் என்ன காட்டியது, மறுநாள் என்ன காட்டியது என்ற இரண்டு எண்தான் சாட்சி. சீசனில் தினமும் காலையில் டிகிரி பார்க்கிறவர்கள்தான் நீங்கள். அதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவைப்பதில் செலவு ஒன்றும் இல்லை.

மழைநீர் கனம் குறைந்தது, கரைசலின் மேல் மிதக்கும். கலங்குவதற்கு முன் மேல்தண்ணீரை மடை வழியாக வடித்துவிட்டால் அடியில் இருப்பது ஓரளவு தப்பும். இது தொழில் தெரிந்த எல்லோரும் செய்வதுதான். செய்ததையும் கடிதத்தில் எழுதுங்கள். நட்டத்தைக் குறைக்க நம்மால் ஆனதைச் செய்ய வேண்டும் என்பது காப்பீட்டில் நம் பக்கத்துக் கடமை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தார் என்ற ஒரு வரி அறிக்கையில் ஏறினால் பிறகு வாதாட முடியாது.

மாதத்தை எழுத மறக்காதீர்கள். மரக்காணத்தில் தை, மாசியில் தொடங்கும் உற்பத்தி ஐப்பசி மழையோடு முடிந்துவிடும். அதன் பிறகு பாத்தியில் மழைநீர் நிற்பது ஆண்டுதோறும் நடப்பதுதான், அதை யாரும் நட்டமாக ஏற்கமாட்டார்கள். நவம்பர், டிசம்பர் புயலில் நட்டப்படுவது வரப்பு, மதகு, மோட்டார், கொட்டகை, விற்காமல் குவித்து மூடி வைத்திருந்த உப்பு. அதை மட்டும் கேளுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டால் உண்மையான நட்டத்தின் மேலும் சந்தேகம் விழும்.

ஃப்ளட்டும் இனன்டேஷனும்

காப்பீட்டுப் பாலிசியைப் பிரித்துப் பார்த்தால் ஒரு சொல்வரிசை கண்ணில் படும்: ஸ்டார்ம், சைக்ளோன், டைஃபூன், டெம்பஸ்ட், ஹரிக்கேன், டொர்னாடோ, ஃப்ளட், இனன்டேஷன். தீ மற்றும் சிறப்பு அபாயப் பாலிசி என்ற பழைய படிவத்தில் இந்த வரிசை இருந்தது. 2021 ஏப்ரல் முதல் சிறு தொழில்களுக்கு வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியிலும் ஏறக்குறைய இதே வரிசை இருக்கிறது, சுனாமி சேர்ந்திருக்கிறது. ஒரே இடத்தில் ஐந்து கோடி ரூபாய் வரை மதிப்புள்ள சொத்துக்கு அது பொருந்தும் என்பதால் நடுத்தர உப்பளக்காரருக்கு அதுதான் கைக்கு எட்டுவது. வரிசையில் 'சப்மெர்ஜ்' இல்லை என்பதைக் கவனியுங்கள். 'வாட்டர்லாக்கிங்' இல்லை, 'சீப்பேஜ்' இல்லை. பாலிசியில் உள்ள சொல்லைக் கடிதத்தில் போட்டால் அதிகாரி கோட்டைத் தாண்ட வேண்டியதில்லை.

ஃப்ளட் என்றால் தண்ணீர் தன் வழக்கமான போக்கை விட்டு வெளியே வந்தது. கால்வாய் கரை மீறியது, ஏரி உடைந்தது, எடையந்திட்டு கழிமுகம் வழியாகக் கடல்நீர் உள்ளே தள்ளியது எல்லாம் ஃப்ளட். இனன்டேஷன் என்றால் தண்ணீர் நிற்கக் கூடாத இடத்தில் தேங்கி நின்றது. எங்கிருந்து வந்தது என்பது அதில் இரண்டாம்பட்சம். வடிய வழியில்லாமல் மழைநீரே குடோனுக்குள் இரண்டடி நின்றால் அது இனன்டேஷன். நம் ஊரில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தேதான் வரும். மேலே மழை, பின்னால் கழுவெளி, எதிரே கடல் வடிய விடாது. அப்போது இரண்டு சொல்லையும் போடுவதில் தவறில்லை, புயலின் பெயரையும் தேதியையும் சேர்த்து. 2011 டிசம்பர் 30 தானே, 2020 நவம்பர் 25 இரவு நிவர் என்று புயலோடு கட்டிப்போட்ட நட்டம் கேள்வி குறைவாகக் கேட்கப்படும். ஃபெஞ்சலில் மழை 30ஆம் தேதி இரவோடு நிற்கவில்லை, டிசம்பர் 1ஆம் தேதியும் கொட்டியது. ஒரே தேதியைப் போட்டுவிட்டு, சேதப் படம் மறுநாள் தேதியில் இருந்தால் அதற்கு ஒரு கேள்வி வரும். 'இன்னின்ன தேதிகளுக்கு இடையில்' என்று எழுதுங்கள்.

'வாட்டர்லாக்கிங்' என்ற சொல்லைப் பத்திரிகைகள் தெருவில் நிற்கும் தண்ணீருக்கெல்லாம் போட்டுப் போட்டு அது இளைத்துவிட்டது. படிப்பவர் மனதில் சாக்கடை அடைப்பும் நகராட்சியும்தான் வரும். மண்ணுக்குள் நீர் ஊறி வேருக்குக் காற்று போகாமல் அழுகும் நிலைமைக்கு அது சரியான சொல், கத்தரி, மணிலா போட்டவர்கள் போடலாம். 'சீப்பேஜ்' அதைவிட ஆபத்து. சுவரிலோ தரையிலோ நாள்பட மெல்லக் கசிந்தது என்று பொருள்படும், பராமரிப்பு சரியில்லை என்று நாமே ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும். வெள்ளம் வந்து ஈரம் ஏறிய சுவருக்கு அதைப் போடாதீர்கள். கூரை ஓட்டைப் புயல் பிய்த்து, மழை கொட்டி நனைந்த மூட்டைக்கு 'ட்ரென்ச்டு' அல்லது 'சோக்டு' போடலாம். முன்னால் 'கூரை புயலில் பிய்ந்ததால்' என்ற காரணம் இருக்க வேண்டும். காரணம் இல்லாத நனைதல் வெறும் ஒழுகலாகிவிடும்.

உப்புக் குவியலுக்கு 'டேமேஜ்டு' என்று எழுதுகிறவர்கள் உண்டு. டேமேஜ் ஆன பொருள் எங்கே, காட்டுங்கள் என்று கேட்டால் என்ன செய்வது? உப்பு இருந்த இடத்தில் ஈர மண்தான் இருக்கும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் கிட்டத்தட்ட 350 கிராம் உப்பைக் கரைத்துக்கொண்டு போகும். 50 செ.மீ. மழை ஓர் ஏக்கரில் 20 லட்சம் லிட்டர். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஆகவே சொல் 'டிஸ்ஸால்வ்டு', கரைந்து போனது. வெள்ளம் இழுத்துப்போயிருந்தால் 'வாஷ்டு அவே'. இரண்டிலும் மிச்சம் என்று விற்கப் பொருள் இல்லை என்பது அந்தச் சொல்லிலேயே அடக்கம். 'டேமேஜ்டு' என்றால் மிச்ச மதிப்பு என்று ஒரு தொகையைக் கழிப்பார்கள்.

இல்லாமல் போன பொருளை இருந்தது என்று நிரூபிக்க மழைக்கு முன்னால் வேலை செய்திருக்க வேண்டும். குவியலைக் கீற்றோ தார்ப்பாயோ போட்டு மூடும் அன்றைக்கே நீளம், அகலம், உயரம் அளந்து எழுதுங்கள். பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்திப் படம் எடுங்கள், தேதியும் இடமும் படத்தில் பதியும் செயலிகள் இப்போது எல்லாக் கைபேசியிலும் ஓடும். குவித்த உப்பு ஒரு கன மீட்டர் ஏறக்குறைய ஒரு டன் என்று வைத்தால் எடை வந்துவிடும். உற்பத்திப் பதிவேடு, லாரி ஏற்றிய ரசீது, எடைமேடைச் சீட்டு எல்லாம் அதோடு ஒத்துப்போக வேண்டும். இன்னொன்று, பாலிசி எடுக்கும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்: திறந்தவெளியில் குவித்திருக்கும் உப்பு அட்டவணையில் தனியாக எழுதப்பட்டிருக்கிறதா? பாத்தியில் ஏறிக்கொண்டிருக்கும் கரைசல்? அட்டவணையில் ஏறாத பொருளுக்கு எந்தச் சொல்லும் உதவாது.

மோட்டார், வண்டி, படகு

பம்புசெட் மோட்டாருக்கு 'இம்மர்ஸ்டு' என்று எழுதிய கடிதங்கள் சிரிப்பை வரவழைக்கும். இம்மர்ஸ் என்றால் பொருளை எடுத்துப்போய்த் தண்ணீருக்குள் விடுவது. பிள்ளையாரைக் கரைப்பது இம்மர்ஷன், அஸ்தி கரைப்பது இம்மர்ஷன், வாளியில் வெந்நீர் போடும் கம்பி இம்மர்ஷன் ஹீட்டர். மோட்டாரை நாமே தூக்கிப்போட்டதுபோல் ஒலிக்கும். 'டிப்', 'டங்க்', 'பிளஞ்ச்' எல்லாம் இதே குடும்பம். துணியைச் சாயத்தில் முக்குவதற்கும், கிணற்றில் குதிப்பதற்கும் வைத்துக்கொள்ளலாம். மோட்டாருக்குத்தான் 'சப்மெர்ஜ்ட்' சரியாகப் பொருந்தும். அதோடு எவ்வளவு நேரம் என்பதும், உப்புத் தண்ணீரா நல்ல தண்ணீரா என்பதும் வேண்டும். உப்புத் தண்ணீர் புகுந்த சுருளை நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்தி, எலெக்ட்ரீஷியன் இன்சுலேஷன் சோதித்த பிறகுதான் மின்சாரம் கொடுக்க வேண்டும். ஓடுகிறதா பார்ப்போம் என்று சுவிட்சைப் போட்டு எரிந்த மோட்டாருக்கு வெள்ளம் காரணம் ஆகாது.

வண்டிக்கும் இதே கதைதான். மோட்டார் பாலிசியில் ஃப்ளட், இனன்டேஷன் இரண்டும் இருக்கின்றன. தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து உள்ளே உடைந்தால் அதைப் பின்விளைவு நட்டம் என்று ஒதுக்கிவிடுவார்கள், இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் இருந்தால் ஒழிய. நின்ற வண்டியை நின்றபடி படமெடுத்து, இழுவை வண்டியில் கொண்டுபோங்கள். 'பார்ஷியலி சப்மெர்ஜ்ட்' என்று மட்டும் எழுதாமல் தண்ணீர் தரைவிரிப்பு வரையா, இருக்கை வரையா, டேஷ்போர்டு வரையா என்று எழுதுங்கள். சர்வேயர் கணக்குப் போடுவது அந்த உயரத்தை வைத்துத்தான்.

எக்கியார்குப்பம், அனுமந்தைக்குப்பம் பக்கம் படகு வைத்திருப்பவர்களுக்கு வேறு நாலு சொல். அலை ஏறித் தண்ணீர் நிறைந்து மிதந்துகொண்டே செயலிழந்தால் 'ஸ்வாம்ப்டு'. குப்புறக் கவிழ்ந்தால் 'கேப்சைஸ்டு'. அடிக்குப் போய்விட்டால் 'சங்க்'. கரையில் ஏற்றி வைத்திருந்ததைக் கடல் இழுத்துப்போய்விட்டால் 'வாஷ்டு அவே'. அரசு நிவாரணத்தில் படகைப் பகுதி சேதம், முழு சேதம் என்று இரண்டாகத்தான் பிரிப்பார்கள், தொகை வித்தியாசம் பெரியது. கவிழ்ந்த படகை மீட்டு இன்ஜினைக் கழற்றிப் பார்த்தால் பகுதி சேதமாக இருக்கலாம். அடிக்குப் போனதும் இழுத்துப்போனதும் முழு சேதம். நடந்ததை நடந்தபடி பிரித்து எழுதினால் மீன்வளத் துறை ஆய்வாளரின் குறிப்பும் உங்கள் மனுவும் ஒன்றையே சொல்லும். வலை தனி. வலையைப் படகு வரியில் ஒட்டிவிடாதீர்கள்.

வீட்டைப் பற்றி எழுதும்போது 'சங்க்' பக்கமே போக வேண்டாம். வீடு சங்க் என்றால் அஸ்திவாரம் இறங்கியது என்று படிப்பார்கள். நிலம் இறங்குதல் பாலிசியில் தனி அபாயம், அதில் புதுக் கட்டடம் இயல்பாக இறங்கி விரிசல் விடுவதை ஏற்கமாட்டோம் என்ற விலக்கும் இருக்கிறது. தண்ணீர் வீட்டுக்குள் வந்தது 'இனன்டேட்டெட்', சுவர் இடிந்தது 'கொலாப்ஸ்டு'. குடிசைக்காரர்கள் ஆங்கிலத்தைத் தேடவே வேண்டாம். ஃபெஞ்சலுக்குப் பிறகு தமிழக அரசு சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாய் என்று அறிவித்தது. அதற்குக் கிராம நிர்வாக அலுவலரின் கணக்கெடுப்பும் தமிழ் மனுவும் போதும்.

உயிருள்ளவைக்கு 'டிரௌன்டு' மட்டும்தான். மாடு சப்மெர்ஜ்ட் என்று எழுதினால் அது செத்ததா, தண்ணீரில் நின்றதா என்றே தெரியாது. எருமை தினமும் செய்கிற காரியம் அது. அதே அறிவிப்பில் மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100 ரூபாய். கால்நடை மருத்துவரின் சான்றில் உள்ள காரணமும் உங்கள் மனுவில் உள்ள காரணமும் ஒன்றாக இருக்க வேண்டும். சுவர் விழுந்து செத்த மாட்டை மூழ்கிச் செத்தது என்று அவசரத்தில் எழுதிவிட்டு அலைகிறவர்கள் உண்டு.

நெல்லும் ஒரு சொல்லும்

சொல்லுக்கு இவ்வளவு முக்கியத்துவமா என்று கேட்பவர்கள் பயிர்க் காப்பீட்டைப் பார்க்கட்டும். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் தனி வயலுக்கு இழப்பீடு தரும் இடர்களின் பட்டியலில் ஆலங்கட்டி, நிலச்சரிவு, மேகவெடிப்பு, மின்னல் தீ இவற்றோடு இனன்டேஷனும் உண்டு. 2018இல் அந்த ஒரு சொல் நெல்லுக்குப் பொருந்தாது என்று எடுத்துவிட்டார்கள். தண்ணீரில் நிற்பதுதானே நெல், அது மூழ்கியதை எப்படி அளப்பது என்பது சொன்ன காரணங்களில் ஒன்று. உப்பளத்துக்காரரிடம் சர்வேயர் கேட்ட அதே கேள்வி. இந்தக் கரையோர மாவட்டங்களில் சம்பா கழுத்தளவு தண்ணீரில் நின்ற ஆண்டுகளில், தன் வயல் மட்டும் மூழ்கியவர் அந்தப் பிரிவில் கேட்க வழியில்லாமல் போனது. கிராம அளவில் விளைச்சல் குறைந்ததாகக் கணக்கு வந்தால்தான் உண்டு. 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் நெல் மூழ்குதலை மீண்டும் சேர்ப்பதாகவும் 2026 காரீஃப் பருவத்திலிருந்து நடைமுறைக்கு வரும் என்றும் அறிவித்தது.

அதைப் பயன்படுத்த நினைப்பவர்கள் 72 மணி நேரத்தை மனதில் வைக்க வேண்டும். சேதம் நடந்து மூன்று நாளுக்குள் 14447 என்ற எண்ணிலோ, செயலியிலோ, வங்கியிலோ, வேளாண் அலுவலகத்திலோ தெரிவித்துவிட வேண்டும். தண்ணீர் வடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருந்தால் நேரம் கடந்துவிடும். நெல் முழுக்கத் தண்ணீருக்குள் இருந்ததா, கதிர் வெளியில் தெரிந்ததா, எத்தனை நாள், பயிருக்கு எத்தனை நாள் வயது என்பதையும் சொல்லுங்கள். ஓரிரு நாளில் வடிந்தால் பல ரகங்கள் தேறிக்கொள்ளும், ஒரு வாரம் போனால் தேறுவது கஷ்டம் என்பது அதிகாரிகளுக்கும் தெரியும். மாநில அரசின் நிவாரணம் வேறு கணக்கு. அதில் 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதம் என்ற வரம்பு இருக்கிறது, ஃபெஞ்சலின்போது இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் அறிவித்தார்கள். அந்த மனுவில் சதவீதம்தான் பேசும், சொல் பேசாது.

இந்த வரிசையில் உப்பைத் தேடாதீர்கள். உப்பு பயிர் இல்லை, அரசமைப்பில் உப்பு உற்பத்தி மத்தியப் பட்டியலில் இருக்கிறது. பயிருக்கான ஹெக்டேர் கணக்கில் அளத்தை நுழைத்து மனு போட்டால் கோப்பு மேசை மேசையாக அலைந்து திரும்பி வரும். அளத்தில் வேலை செய்யும் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் தரும் மாநிலத் திட்டம் இருக்கிறது. அதற்கு வெள்ளமே வர வேண்டியதில்லை, வேலையில்லாத மாதங்களுக்கு என்றே வந்தது. நல வாரியப் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று புரட்டாசியிலேயே பார்த்துவிடுவது நல்லது. அளம் வைத்திருப்பவருக்குப் பாலிசிதான் வழி.

கடிதத்தை எப்படி அமைப்பது? வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் மீன்வளத் துறைக்கும் தமிழிலேயே எழுதுங்கள், ஆங்கிலம் கலக்கத் தேவையில்லை. 'மூழ்கியது' என்பதற்கு முன்னால் அளவும் நாளும் இருந்தால் போதும். காப்பீட்டுக்கு ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தால் முதலில் தமிழில் எழுதிக் கடைப் பிள்ளையிடம் கொடுங்கள். இப்படி:

'30.11.2024 இரவு முதல் 1.12.2024 வரை ஃபெஞ்சல் புயலோடு பெய்த மழையில் கால்வாய் கரை மீறியது. என் அளத்தின் வரப்புக்கு மேல் ஒன்றரை அடி தண்ணீர் மூன்று நாள் நின்றது. கிழக்கு வரப்பு மூன்று இடத்தில் உடைந்தது. மூடி வைத்திருந்த உப்புக் குவியல் ஒன்று கரைந்துபோனது. அளவும் படமும் இணைப்பில். ஐந்து குதிரைத் திறன் மோட்டார் ஒன்று இரண்டு நாள் உப்புத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது, மின்சாரம் கொடுக்கப்படவில்லை.'

ஆறு வாக்கியம். கால்வாய் கரை மீறியதற்கு ஃப்ளட், வரப்புக்கு மேல் ஏறியதற்கு ஓவர்டாப்டு, உடைந்ததற்கு ப்ரீச்டு, கரைந்ததற்கு டிஸ்ஸால்வ்டு, மோட்டாருக்கு சப்மெர்ஜ்ட். ஒவ்வொரு சொல்லும் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. 'டெல்யூஜ்', 'எங்கல்ஃப்டு' என்று மொழிபெயர்ப்புச் செயலி கொடுக்கும் அலங்காரங்களை அடித்துவிடுங்கள். அவை தலைப்புச் செய்திக்கு நன்றாக இருக்கும், கோப்பில் மிகைப்படுத்தல் என்று தோன்றும்.

தண்ணீர் நின்ற உயரத்துக்குச் சுவரிலோ கம்பத்திலோ இருக்கும் கறையைச் சுண்ணாம்பு அடித்து மறைக்காதீர்கள், சர்வேயர் வந்து போகும்வரை. கறை இல்லாத வெட்டவெளி அளத்தில், தண்ணீர் நிற்கும்போதே அளவுக் குறி போட்ட ஒரு கழியை வரப்பின்மேல் நட்டுப் படமெடுங்கள். நனைந்த மூட்டையை, கெட்ட மோட்டாரை அதற்குள் பழைய இரும்புக் கடைக்குப் போடவும் வேண்டாம். மழை அளவுக்கு அத்தாட்சி கேட்டால் நுங்கம்பாக்கத்தில் உள்ள மண்டல வானிலை ஆய்வு மையத்துக்கு எழுதிப் பெறலாம்.

கம்பெனி மறுத்துக் கடிதம் அனுப்பினால், எந்தச் சொல்லைக் காட்டி மறுத்தார்கள் என்று முதலில் பாருங்கள். சீப்பேஜ் என்றோ பின்விளைவு என்றோ இருந்தால், சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, நடந்தது அது இல்லை என்று படத்தோடும் தேதியோடும் அதே கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லாவிட்டாலோ சென்னையில் இருக்கும் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டியதில்லை. கம்பெனியின் இறுதி பதில் வந்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் போக வேண்டும். ஆகவே அந்தத் தபால் உறையையும் தேதி முத்திரையோடு பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.